கைக்குமா ஸ்கேன்?

ஸ்கேன் அறை வாசலில் காத்திருந்தவர்களில் பாதிப் பேர் கர்ப்பிணிகள். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படமாட்டாது, சொல்வது தண்டனைக்குரிய குற்றம் என்ற பலகை சுவரில் இருக்கிறது. 1994ஆம் ஆண்டுச் சட்டம். எந்த உறுப்பைப் பார்க்க ஸ்கேன் கருவி வாங்கினாலும் அந்தச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்தாக வேண்டும். மணிக்கட்டும் முழங்காலும் மட்டுமே பார்க்கிற இடத்திலும் அதே பதிவு, அதே பலகை. ஸ்கேன் என்றாலே வயிறு என்று நம் ஊரில் பதிந்துபோனதில் வியப்பில்லை. வலது கையை இடது கையால் பிடித்தபடி உட்கார்ந்திருந்த ஓர் அக்காவிடம், பக்கத்தில் இருந்த பாட்டி, "உனக்கு என்னத்துக்கம்மிணி ஸ்கேனு?" என்று கேட்டார். கை மரத்துப்போகிறது என்று பதில் வந்ததும் பாட்டிக்கு நம்பிக்கை வரவில்லை. "கைக்குமா ஸ்கேன் எடுப்பாங்க?"

எடுக்கிறார்கள். அதைப் பார்க்கத்தான் கோயம்புத்தூரில் எலும்பு மூட்டு வைத்தியத்துக்குக் கூட்டம் வருகிற இந்தத் தனியார் மருத்துவமனைக்குப் போயிருந்தேன். இங்குள்ள கதிரியக்க மருத்துவர் மதியத்துக்கு மேல் ஒரு பகுதி நேரத்தைக் கை, தோள், முழங்கால் ஸ்கேனுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார். அவருடைய அனுமதியோடும், வந்தவர்களின் சம்மதத்தோடும் அறைக்குள் இருந்தேன். யார் பெயரையும் எழுதுவதில்லை என்பது பேச்சு.

அந்த அக்கா திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைப்பவர். கணவரோடு பஸ்ஸில் வந்திருந்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதே அவர் என்னிடம் சொன்னது இது: "ராத்திரி ஒரு மணி ரெண்டு மணிக்கு எரிச்சலெடுத்து முழிப்பு வந்துருதுங்க. எந்திரிச்சு உக்காந்து கையத் தொங்கப்போட்டு ஒதறுனாத்தான் செத்த தேவலைங்க. விடிஞ்சா கத்திரி புடிக்க முடியறதில்லீங்க." சொல்லும்போதே கையை உதறிக் காட்டினார். கழுத்துக்கு எக்ஸ்ரே எடுத்தாகிவிட்டது. சத்து ஊசி போட்டாகிவிட்டது. வாய்வு என்று சொன்னவர்கள் உண்டு. கம்பெனியில் சூப்பர்வைசர், பீஸ் குறைகிறது என்று சத்தம் போட்டிருக்கிறார். வீட்டில், வயசானா எல்லாருக்கும் வருவதுதானே என்றிருக்கிறார்கள். பகலில் பார்ப்பவர்களுக்கு அந்தக் கையில் ஒரு குறையும் தெரியாது. வீக்கமில்லை, சிவப்பில்லை. வேதனை முழுக்க எல்லோரும் தூங்குகிற நேரத்தில் நடக்கிறது.

உள்ளே கூப்பிட்டார்கள். மருத்துவர் உடனே ஸ்கேன் கருவியின் புரோப்பை, அதாவது தோலில் வைக்கிற முனையை, எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரு தாளை எடுத்தார். இரண்டு கைகளின் வெறும் கோட்டுப்படம் அதில் அச்சாகியிருந்தது. பேனாவை அக்காவின் இடது கையில் கொடுத்து, "எங்கெங்க மரத்துப்போகுதோ அங்க மட்டும் தீட்டுங்கக்கா" என்றார். அக்கா யோசித்து யோசித்துத் தீட்டினார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். மோதிர விரலில் வந்ததும் நடுவிரலை ஒட்டிய பாதியை மட்டும் தீட்டிவிட்டு நிறுத்தினார். சுண்டுவிரலைத் தொடவில்லை. உள்ளங்கையையும் விட்டுவிட்டார்.

உடற்கூறு படிக்காத ஒருவர், தன் நரம்பின் வரைபடத்தை அப்படியே போட்டுக் கொடுத்திருக்கிறார். அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. மணிக்கட்டின் நடுவே வருகிற மீடியன் நரம்புதான் கட்டைவிரலிலிருந்து மோதிர விரலின் பாதி வரை உணர்ச்சி கொடுக்கிறது. மறு பாதியும் சுண்டுவிரலும் இன்னொரு நரம்பின் பங்கு. உள்ளங்கைக்குப் போகும் கிளை மணிக்கட்டுக்கு முன்பே பிரிந்து, நெருக்கடியான இடத்துக்கு வெளியே மேலாகப் போய்விடுகிறது. அதனால்தான் விரல்கள் மரத்தாலும் உள்ளங்கை மரப்பதில்லை. கழுத்தில் கோளாறு என்றால் படம் வேறு மாதிரி இருக்கும், கைமுழுக்கத் தீட்டியிருந்தால் சர்க்கரை நோயால் வரும் நரம்புப் பாதிப்பா என்று யோசிப்பேன் என்றார் மருத்துவர்.

அடுத்து இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, மணிக்கட்டை மடக்கி வைத்துக்கொள்ளச் சொன்னார். ஒரு நிமிடம் அப்படியே. முப்பது நொடி ஆவதற்குள் அக்காவின் முகம் மாறிவிட்டது. இது ஃபேலன் சோதனை. அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் இருந்த ஜார்ஜ் ஃபேலன் என்ற அறுவை மருத்துவர், மீடியன் நரம்பு மணிக்கட்டில் நெருக்கப்படும் இந்த நோயோடு தாம் பார்த்த 654 கைகளைப் பற்றி 1966இல் எழுதிய கட்டுரை இத்துறையில் முக்கியமானது. கருவி எதுவும் தேவைப்படாத சோதனை அது.

மடக்கினால் ஏன் மரக்கிறது? மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் வளைவாக அடுக்கி ஒரு பள்ளத்தை உண்டாக்குகின்றன. பள்ளத்தின் மேலே குறுக்காக ஒரு தடித்த நார்ப்பட்டை. இடையிலுள்ள வழியைத்தான் கார்ப்பல் டனல் என்கிறார்கள். அதற்குள் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் மீடியன் நரம்பும் போகின்றன. எலும்பும் விரியாது, பட்டையும் விரியாது. உள்ளே கொஞ்சம் வீங்கினாலும் அழுத்தம் முழுக்க நரம்பின் மேல்தான். 1981இல் கெல்பர்மன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் இந்த வழிக்குள் மெல்லிய குழாயை நுழைத்து அழுத்தத்தை அளந்தார்கள். கையை நேராக வைத்திருக்கையில் நோயில்லாதவர்களுக்குச் சராசரி 2.5 மில்லிமீட்டர் பாதரசம். நோயுள்ளவர்களுக்கு 32. மணிக்கட்டை மடக்கியபோது நோயுள்ளவர்களின் கையில் அது 94 வரை ஏறியது. தூக்கத்தில் நம்மில் பலரும் கையை மடக்கிக் கன்னத்துக்கோ மார்புக்கோ கீழே வைத்துக்கொள்கிறோம். அக்காவின் இரண்டு மணி விழிப்புக்கு அந்த எண்தான் பதில்.

இதற்குப் பிறகுதான் விளக்கை மங்கலாக்கினார்கள். அக்கா நாற்காலியில் உட்கார்ந்தபடி, தலையணை மேல் கையை மல்லாத்தி வைத்தார். வயிற்றுக்கு வைக்கிற வளைந்த புரோப் இதற்கு உதவாது. ஒரு விரல் நீளத்துக்கு நேரான முனை கொண்ட வேறு புரோப்பை மாட்டினார்கள். வினாடிக்கு 1 கோடியே 80 லட்சம் அதிர்வுகள், அதாவது 18 மெகாஹெர்ட்ஸ். அதிர்வெண் கூடக் கூட நுணுக்கம் கூடும், ஆழம் குறையும். மணிக்கட்டில் நரம்பு தோலுக்கு மிக அருகிலேயே இருப்பதால் ஆழம் தேவையில்லை, நுணுக்கம்தான் தேவை. ஜெல் தடவி, கையும் உள்ளங்கையும் சேர்கிற ரேகையின் மேல் குறுக்காகப் புரோப்பை வைத்தார்.

திரையில் முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. சாம்பல் நிறத் திட்டுகள். மருத்துவர் பேனாவால் தொட்டுக் காட்டினார். இந்தப் பக்கம் வெள்ளையாகத் தெரிகிற மேடு கட்டைவிரல் பக்க எலும்பு. அந்தப் பக்கம் சுண்டுவிரல் பக்க எலும்பு. அதன் அருகே துடிப்பது ரத்தக்குழாய். இரு மேடுகளுக்கும் நடுவே மெல்லிய கோடாகப் போவது நார்ப்பட்டை. அதற்கு நேர் கீழே, கறுப்புப் புள்ளிகளும் வெள்ளைக் கோடுகளும் பின்னிய ஒரு நீள்வட்டம். தேன்கூட்டுத் தோற்றம் என்று மருத்துவ நூல்கள் சொல்வது இதைத்தான். அதுதான் நரம்பு.

"தசைநாணும் கிட்டத்தட்ட இதே மாதிரி தெரியுமே, எப்படிப் பிரிக்கிறீர்கள்?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் புரோப்பை ஒரு இம்மி சாய்த்தார். சுற்றியிருந்த பளபளப்பான வட்டங்கள் எல்லாம் சட்டென்று கறுத்தன. நரம்பு மட்டும் அப்படியே இருந்தது. திரும்ப நிமிர்த்தினார், வட்டங்கள் மீண்டும் வெளுத்தன. தசைநாணின் இழைகள் நேராகவும் நெருக்கமாகவும் ஓடுவதால், ஒலி நேராக விழும்போதுதான் திரும்பி எதிரொலிக்கும். நரம்புக்கு அந்தப் பிடிவாதம் குறைவு. பிறகு, "விரல ஒண்ணொண்ணா மடக்குங்கக்கா" என்றார். திரையில் தசைநாண்கள் ஒவ்வொன்றாக நழுவி ஓடின. ஆரோக்கியமான நரம்பும் அவற்றோடு பக்கவாட்டில் விலகி இடம்கொடுக்குமாம். அக்காவின் நரம்பு இருந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

இனி அளவு. படத்தை நிறுத்தி, நரம்பின் வெள்ளை விளிம்புக்கு உட்புறமாகக் கர்சரால் சுற்றிக் கோடு இழுத்தார். 16 சதுர மில்லிமீட்டர். புரோப்பை மேலே நகர்த்தி, முன்கையில் மணிக்கட்டிலிருந்து 12 சென்டிமீட்டர் தள்ளி அதே நரம்பை அளந்தார். 7. பொதுவாக மணிக்கட்டில் 10ஐத் தாண்டினால் சந்தேகம் வரும். ஆனால் ஆளுக்கு ஆள் நரம்பின் பருமன் மாறும் என்பதால், ஒரே ஆளின் முன்கையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நம்பகமானது. மணிக்கட்டு அளவை முன்கை அளவால் வகுத்தால் 1.4க்கு மேல் போகக்கூடாது. அக்காவுக்கு 2.3க்கு அருகில் வருகிறது. என் கையையும் வைத்துப் பார்த்தார். மணிக்கட்டில் 8, முன்கையில் 7. எவ்வளவு தேடினாலும் என் நரம்பில் வீக்கம் ஆரம்பிக்கிற இடம் என்று ஒன்றைக் காட்ட முடியவில்லை.

நெருக்குகிற இடத்தில் நரம்பு மெலியத்தானே வேண்டும், ஏன் வீங்குகிறது? புரோப்பை நீளவாக்கில் திருப்பியதும் விடை தெரிந்தது. முன்கையிலிருந்து ஒரே சீராக வந்த நரம்பு, நார்ப்பட்டைக்குள் நுழைவதற்குச் சற்று முன் பருத்து, பட்டைக்குக் கீழே போனதும் வெடுக்கென்று ஒடுங்கியிருந்தது. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரைப் போட்டதும், பருத்த இடத்துக்குள் சிவப்புப் புள்ளிகள் மினுங்கின. சாதாரணமாக நரம்புக்குள் இப்படி ரத்த ஓட்டம் கண்ணுக்குத் தெரியாது.

1913இல் பாரிஸில் பியேர் மாரி, சார்ல் ஃபுவா என்ற இரு நரம்பியல் மருத்துவர்கள், கட்டைவிரலடிச் சதை வற்றிப்போயிருந்த ஒரு முதியவரின் உடலை அவர் இறந்த பிறகு திறந்து பார்த்தார்கள். இதே பருமன், இதே ஒடுக்கம். பட்டையை முன்பே வெட்டிவிட்டிருந்தால் பாதிப்பைத் தடுத்திருக்கலாமோ என்றும் எழுதினார்கள். அன்றைக்கு இதைப் பார்க்க ஒரு மனிதர் சாக வேண்டியிருந்தது. 1991இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கிலிருந்து புக்பர்கரும் சகாக்களும், உயிருள்ள கையில் இதே அல்ட்ராசவுண்ட் ஸ்கேனை வைத்து இந்த வீக்கத்தையும் ஒடுக்கத்தையும் காட்டினார்கள். இன்று திருப்பூரிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு தையல்காரர், தன் நரம்பு பிதுங்கியிருப்பதைத் தானே விரலை ஆட்டியபடி பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தத் திரையின் முன் நின்றபோது எனக்கு ஏற்பட்ட மரியாதை சொல்லி மாளாது.

வெளியே நின்ற கணவரை உள்ளே கூப்பிட்டார் மருத்துவர். திரையைக் காட்டி விளக்கினார். பக்கத்திலேயே என் கையின் படம். கணவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இது எத்தன நாளா இப்பிடி இருக்குதுங்க?" என்று கேட்டார். படத்தில் தேதி தெரியாது, உங்கள் வீட்டில் எப்போதிலிருந்து ராத்திரி எழுந்து உட்காருகிறார்களோ அப்போதிலிருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார் மருத்துவர். கணவர் தலையாட்டினார். அக்கா எதுவும் பேசவில்லை, ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எனக்கு மகிழ்ச்சியும் கோபமும் ஒன்றாக வந்தன. ஒரு பெண் மாதக்கணக்கில் வாயால் சொன்னதை நம்பாத வீடும் கம்பெனியும், சாம்பல் நிறப் படத்தை நொடியில் நம்புகின்றன. இந்தக் கருவி நம்ப வைக்கிறது, அந்த மட்டில் அதற்கு நான் நன்றி சொல்வேன். இதை மருத்துவரிடம் சொன்னபோது அவர் உற்சாகப்படவில்லை. "அதுதான் எனக்குப் பயம்" என்றார். நரம்பு 14, 15 என்று பருத்திருந்தும் ஒரு தொந்தரவும் இல்லாதவர்கள் உண்டு. அக்காவின் இடது கையே 12 காட்டியது, அதில் அவருக்கு எந்தக் குறையும் இல்லை. அதற்கு நேர்மாறாக, ராத்திரி முழுக்க உதறிக்கொண்டிருப்பவரின் நரம்பு 9 என்று வரும். படத்தைச் சான்றிதழ் ஆக்கிவிட்டால் அந்த ஆளை இரண்டாவது முறையும் பொய்யர் ஆக்கிவிடுவோம். அளவு எவ்வளவு என்பதை வைத்து வலி எவ்வளவு என்று சொல்ல முடியாது. அதனால்தான் முதலில் தாளும் பேனாவும் என்றார்.

அமெரிக்காவின் நரம்புத் தசை மின்பரிசோதனை மருத்துவச் சங்கம் 2012இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மணிக்கட்டில் நரம்பின் பரப்பை அல்ட்ராசவுண்டில் அளப்பது இந்த நோயைக் கண்டறியத் துல்லியமான வழி என்று உயர்ந்த தரச் சான்றோடு ஏற்றுக்கொண்டது. மின்பரிசோதனையே தொழிலாகக் கொண்டவர்களின் சங்கம் அப்படிச் சொன்னது கவனிக்க வேண்டியது. ஆனால் மின்பரிசோதனையை விட்டுவிடுங்கள் என்று அது சொல்லவில்லை. நம் ஊரில் கரண்ட் டெஸ்ட் என்கிறார்களே, அதில் நரம்பு எவ்வளவு வேகமாகச் செய்தி கடத்துகிறது என்று தெரியும். ஸ்கேனில் நரம்பு எப்படி இருக்கிறது, சுற்றிலும் என்ன இருக்கிறது என்று தெரியும். சுர்ரென்று இழுக்கும் என்று பயந்து கரண்ட் டெஸ்டுக்குப் போகாதவர்கள் ஸ்கேனுக்கு வருகிறார்கள் என்பது நடைமுறை உண்மை.

இரண்டும் சேர்ந்தால் என்ன தெரியும் என்பதை அடுத்து வந்தவரிடம் பார்த்தேன். ஐம்பத்தெட்டு வயது பரோட்டா மாஸ்டர். சர்க்கரை நோய் உண்டு. "முன்ன ரொம்ப மரத்துச்சுங்க மேடம், இப்ப ரெண்டு வருசமா பரவால்லீங்க" என்று அவர் சொன்னதும் மருத்துவரின் முகம் இறுகியது. கையைத் திருப்பச் சொன்னார். கட்டைவிரலின் அடியில் மேடாக இருக்க வேண்டிய சதை குழிந்து கிடந்தது. சட்டைப் பொத்தானைப் போட அவரால் முடியவில்லை. மாவைப் பிசைந்து வீச உள்ளங்கையும் தோளும் போதும் என்பதால் தொழில் நடந்திருக்கிறது, கட்டைவிரல் ஒதுங்கிப்போனதை அவர் கவனிக்கவே இல்லை. வலி குறைந்தது குணமானதால் அல்ல, உணர்கிற நரம்பே அடங்கிப்போனதால். அந்தச் சதையின் மேல் புரோப்பை வைத்ததும், கறுப்பாகத் தெரிய வேண்டிய தசை மெலிந்து வெளுத்துக் கொழுப்பேறித் தெரிந்தது. கரண்ட் டெஸ்ட் அறிக்கையில் அந்தத் தசைக்குப் பதில் வரவில்லை என்று இருந்தது. இவருக்கு ஊசியும் மணிக்கட்டில் கட்டும் பட்டையும் காலத்தைக் கடத்துகிற வேலை என்று சொல்லி, மேல்மாடியில் கை அறுவை மருத்துவரிடம் அன்றே பேசிவிட்டார். இரண்டு வருடத்துக்கு முன்பு யாராவது இவர் கையைத் திருப்பிப் பார்த்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அவருக்குப் பிறகு வந்த இளைஞருக்கு நரம்பு மணிக்கட்டுக்கு முன்பே இரண்டாகப் பிரிந்து, இடையில் ஒரு ரத்தக்குழாய் துடித்துக்கொண்டிருந்தது. கருவில் இருந்து, பெரும்பாலோருக்கு மறைந்துவிடுகிற நாளம் சிலருக்கு இப்படித் தங்கிவிடும். நோய் இல்லை. ஆனால் இரண்டு கிளைகளையும் தனித்தனியாக அளந்து கூட்ட வேண்டும், ஊசியோ கத்தியோ போகிறது என்றால் போகிறவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

ஓவர்லாக் அக்காவுக்கு வருவோம். ராத்திரியில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டையை அவர் ஏற்கெனவே ஒன்றரை மாதம் போட்டிருந்தார், பாதிதான் குறைந்தது. தைராய்டு, சர்க்கரை இரண்டும் பார்த்தாகிவிட்டது, சரியாக இருக்கின்றன. (தைராய்டு குறைவு, சர்க்கரை, முடக்குவாதம், கர்ப்பம் எல்லாமே இந்த நரம்பை நெருக்கலாம். பெண்களுக்கு அதிகம் வருவதும் தெரிந்ததுதான்.) சதை வற்றவில்லை. ஆகவே ஊசி போட்டுப் பார்க்கலாம் என்று முடிவானது. எந்த மருந்து என்பதை மருத்துவர் மறைக்காமல் பேசினார். ஸ்டீராய்டு சீக்கிரம் வேலை செய்யும். 2018இல் வெளியான இங்கிலாந்து ஆய்வில், ஆறு வாரத்தில் ராத்திரிப் பட்டையைவிட ஸ்டீராய்டு ஊசி மேலாக இருந்தது, ஆறு மாதத்தில் அந்த வித்தியாசம் போய்விட்டது. 2013இல் சுவீடனில் வந்த ஆய்வு இன்னும் வெளிப்படையானது. 80 மில்லிகிராம் ஊசி போட்டவர்களிலும் நூற்றுக்கு 73 பேர் ஒரு வருடத்துக்குள் அறுவைக்குப் போனார்கள். வெறும் மருந்தில்லா ஊசி போட்டவர்களில் அது 92. இன்னொரு வழி, 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கரைசல், அதாவது குளுக்கோஸ் தண்ணீர். தைவானில் வூ யுங்-சாயும் சகாக்களும் 2017, 2018ஆம் ஆண்டுகளில் செய்த ஆய்வுகளில், ஸ்கேன் பார்த்தபடி 5 மில்லி டெக்ஸ்ட்ரோஸை நரம்பைச் சுற்றிச் செலுத்தியவர்களுக்கு ஆறு மாதம் வரை பலன் தெரிந்தது. ஆய்வுகள் சிறியவை என்பதையும் மருத்துவர் சேர்த்தே சொன்னார். அக்கா, "சுகர் தண்ணியே போடுங்க மேடம்" என்றார்.

மணிக்கட்டின் கீழே துணிச் சுருளை வைத்துக் கையைச் சற்று மலர்த்தினார்கள். பெட்டாடின், சுத்தமான உறை போட்ட புரோப், மரப்பு மருந்து. சுண்டுவிரல் பக்கமிருந்து ஊசி நுழைகிறது. அந்தப் பக்கத்தில்தான் சுண்டுவிரலுக்குப் போகும் நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கின்றன, டாப்ளர் போட்டு அவை எங்கே என்று உறுதி செய்துகொண்டார். பிறகு ஊசியும் புரோப்பும் ஒரே கோட்டில். திரையின் ஓரத்திலிருந்து ஒரு வெள்ளைக் கோடு உள்ளே வருவதைப் பார்த்தேன். அதன் நுனி எங்கே இருக்கிறது என்பது கணத்துக்குக் கணம் தெரிகிறது. நுனி தெரியாமல் ஒரு மில்லிமீட்டரும் தள்ளுவதில்லை என்பது அவருடைய விதி. மணிக்கட்டின் மேலிருந்து தடவிப் பார்த்து, இடம் குறித்து ஊசி போடுவது நெடுங்கால வழக்கம், அனுபவசாலிகள் நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் முன்பு பார்த்த இளைஞரின் இரண்டு கிளை நரம்பையும் நடுவில் துடித்த குழாயையும் தோலுக்கு மேலிருந்து யாரால் தடவிக் காண முடியும்?

நுனி நார்ப்பட்டைக்குக் கீழே, நரம்புக்கு மேலே நின்றது. நர்ஸ் மெதுவாக மருந்தை அழுத்தினார். பட்டைக்கும் நரம்புக்கும் நடுவே ஒரு கறுப்புக் கோடு திறந்தது. கோடு அகலமானது. இத்தனை நேரம் பட்டையோடு ஒட்டிக்கிடந்த நரம்பு அதிலிருந்து பிரிந்து கீழே இறங்கியது. ஊசியை இழுத்து, திசை மாற்றி, நரம்புக்கு அடியில் கொண்டுபோனார். அங்கும் கறுப்புத் திறந்தது. இப்போது நரம்பு தசைநாண்களை விட்டு எழும்பி, நாலாபுறமும் நீர் சூழ நின்றது. ஹைட்ரோடிசெக்‌ஷன் என்பது இதுதான். "இறுக்கமா இருக்குதாக்கா?" "ஆமாங்க, அமுக்கற மாதர இருக்குதுங்க." "விரல்ல ஷாக் அடிக்கற மாதிரி?" "இல்லீங்க." அந்தக் கேள்வியை அவர் இடைவிடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். திரை காட்டினாலும் கேட்கிறார். ஊசியை எடுத்ததும் விரல்களை மடக்கச் சொன்னார். நரம்பு இந்த முறை அசைந்தது. நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன், "அசையுதே!"

மேல்மாடி அறுவை மருத்துவரைப் பிறகு சந்தித்தேன். பரோட்டா மாஸ்டருக்கு உள்ளங்கையில் சிறு கீறல் போட்டு, நேராகப் பார்த்து நார்ப்பட்டையை வெட்டிவிடப்போகிறார். ஸ்கேன் பார்த்தபடியே பட்டையை வெட்டும் முறையும் இருக்கிறது. ஜப்பானில் நகாமிச்சியும் தச்சிபானாவும் 1997இலேயே அல்ட்ராசவுண்ட் துணையோடு செய்ததை எழுதியிருக்கிறார்கள். பின்னர் மெல்லிய நூலைப் பட்டையைச் சுற்றிக் கொண்டுபோய் அறுக்கும் முறையும், சில மில்லிமீட்டர் துளை வழியாக நுழையும் சிறு கத்திகளும் வந்தன. நரம்புக்கும் சுண்டுவிரல் பக்க ரத்தக்குழாய்க்கும் நடுவே உள்ள இடைவெளி எவ்வளவு என்று திரையில் அளந்துவிட்டுத்தான் கத்தி போக வேண்டும். கட்டைவிரல் தசைக்குப் போகும் கிளை சிலருக்கு நார்ப்பட்டையையே துளைத்துப் போகும், அதையும் தேடிப் பார்க்க வேண்டும். இந்த மருத்துவமனையில் இன்னும் தொடங்கவில்லை. புரோப் பிடிக்கக் கற்ற கை முதலில், கத்தி அப்புறம் என்கிறார் அவர். எனக்கும் அந்த வரிசையே சரியாகப் படுகிறது. கருவியை வாங்கிவிடலாம். ஒரு இம்மி சாய்த்தால் தசைநாண் கறுக்கும் என்பது கைக்குப் பழக வருடங்கள் ஆகும். மருத்துவக் கல்லூரிகளில் இந்தப் பயிற்சிக்கு நேரம் ஒதுக்காமல், தாலுகா மருத்துவமனைக்குப் புரோப் மட்டும் அனுப்பிப் பயனில்லை. பனியன் கம்பெனிகள் நிறைந்த ஊர்களுக்குப் புரோப்பும் வேண்டும், அதைப் பிடிக்கத் தெரிந்த ஆளும் வேண்டும்.

கீழே இறங்கி வந்தபோது அக்கா கிளம்பத் தயாராக இருந்தார். மருத்துவர் சீட்டு எழுதிக்கொண்டே சொன்னார்: ரெண்டு நாள் கனமான வேலை வேண்டாம், ராத்திரிப் பட்டையை விட்டுவிடக்கூடாது, கத்திரியைக் கூர் தீட்டி வைத்துக்கொண்டால் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்காது, மூணு மாசம் கழித்து வரணும். "அன்னிக்கு மறுபடி ஸ்கேன் எடுத்து அளவு கொறஞ்சிருக்குதான்னு பாப்பீங்களா?" என்று கேட்டார் கணவர். எடுப்போம், ஆனால் ராத்திரி நன்றாகத் தூங்குகிறவர்களுக்கும் அந்த அளவு பழையபடி இறங்காமல் இருப்பதுண்டு என்றார் மருத்துவர். "வந்ததும் அக்காகிட்டத்தான் மொதல்ல கேப்பேன், ராத்திரி எந்திரிக்கறீங்களான்னு. அதுக்கப்புறந்தான் மெஷின்." கைப்படம் அச்சிட்ட இன்னொரு தாளையும் மடித்துச் சீட்டோடு வைத்துக் கொடுத்தார், அடுத்த முறை வரும்போது வீட்டிலேயே தீட்டி எடுத்துவரச் சொல்லி.